கேட்டில் தொங்கும் தகரமும் இழுவை வண்டியும்

ஐயா,

தடை செய்த இடத்தில் நின்றாலோ, பொது இடத்தில் 10 மணி நேரம் ஆளில்லாமல் கிடந்தாலோ காரை அகற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127 இடம் தருகிறது. இழுவைச் செலவும் உரிமையாளர் தலையில்தான். ஆனால் வீட்டுக்காரர் கேட்டில் மாட்டும் ‘நோ பார்க்கிங்’ தகரத்தாலும், மண் நிரப்பி வைக்கும் பெயிண்ட் டப்பாவாலும் தெரு தடைப்பகுதி ஆகிவிடாது. அதற்காகக் கேட்டை மறித்து நிறுத்தலாம் என்றில்லை.

வண்டியை மீட்கும்போது, பணம் கட்டுமுன் பம்பரின் அடிப்பக்கத்தையும் பின் டயர்களையும் படமெடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்ட காரை முன்சக்கரம் தூக்கி இழுத்தால் பின் டயர் உருளாமல் உரசி, ஒரே இடத்தில் தட்டையாகும். ஓட்டும்போது ‘தடதட’வென அதிரும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியைத் தட்டு லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

– வாசகர், சென்னை