எலிக்காய்ச்சல் கிருமியின் புரதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எலி, மாடு, மனிதர் எல்லோரையும் தாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியின் வெளிச்சவ்வில் மிகுதியாக இருப்பது லிப்எல்32 புரதம். நோய் தரும் இனங்களில் உண்டு. நோய் தராத பைஃப்ளெக்ஸா என்ற லெப்டோஸ்பைரா இனத்தில் கிடையாது.

இந்தப் புரதத்தைக் கிருமியிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் சிக்கல். வளர்ப்பு ஊடகத்திலுள்ள மாட்டு அல்புமின் என்ற ரத்தப் புரதம் கிருமியோடு ஒட்டிக்கொண்டு, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் 66 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தடித்த பட்டையாக விழும். பக்கத்துப் புரதங்கள் தெரியாது. உப்புக் கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவியே ஆகவேண்டும். முரட்டுத்தனமாகக் கலக்கினால் வெளிச்சவ்வு கழன்று, தேடிய புரதமே கழுவிய நீரோடு போய்விடும். பிறகு டிரைட்டன் எக்ஸ்-114 என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளின் கரைசலில் 4 டிகிரியில் கரைத்து 37 டிகிரிக்குச் சூடாக்கினால், சவ்வுப் புரதங்கள் சோப்புப் படலத்தில் ஒதுங்கும்.

ஆய்வகத்தில் இந்தப் புரதம் இல்லாதபடி மாற்றிய நோய்க்கிருமியும் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சோதனை விலங்குகளுக்கு நோய் தந்திருக்கிறது. ஆகவே நோயறிய இந்தப் புரதம் அருமையான கருவி என்றாலும், தடுப்பூசிக்கு இதை மட்டும் நம்பக்கூடாது.

– கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள், நாமக்கல்