தத்துவ வாசிப்பு வட்டம், தருமபுரி: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், ஆலோசகர் பேராசிரியர் ஐயாவுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பதிவேட்டில் மட்டும் இருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. நவம்பர் மூன்றாம் வியாழனன்று உலகத் தத்துவ நாள் கொண்டாடினோம். திருக்குறள் அமர்வு மழையால் தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது.

இனி அளவை வகுப்பு, அதாவது எதை எந்த வழியால் சரியாக அறியலாம் என்று பார்க்கும் தர்க்க வகுப்பு. "தர்க்கம் எதற்கு, நேரே சைவ சித்தாந்தத்துக்குப் போகலாமே" என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால் விரிவாகவே எழுதுகிறேன். ஐயாவின் ஆய்வே இதில்தான்: பௌத்தர் காட்சி (நேரே காண்பது), கருத்து (ஊகித்து அறிவது) என இரண்டு அளவைகளோடு நிறுத்திக்கொள்ள, சித்தாந்தம் உரையையும் (நூல்வாக்கையும்) சேர்த்து மூன்றாகக் கொள்வது ஏன்? சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைச் சொல்லும் பகுதியான சுபக்கம் அளவையில்தான் தொடங்குகிறது. அதைத் தாண்டிப் போய், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தைப் பிரித்தால், 14 மதங்களில் யார் எதை மறுக்கிறார் என்றே பிடிபடாது.

பாடம், மணிமேகலையின் 29ஆம் காதை. இருவருக்கு ஒரு தாள். பத்திரிகையிலோ டீக்கடையிலோ கிடைத்த ஒரு கருத்தைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு, உபநயம் (எடுத்துக்காட்டைப் பொருத்துவது), நிகமனம் (முடிவு) என ஐந்து வரியாகப் பிரித்து எழுத வேண்டும். முதல் மூன்றுக்குக் காதை தரும் மாதிரி: இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்தாதலால், அடுக்களை போல. அடுத்து ஏதுவுக்கு மூன்று சோதனை. பேசப்படும் பொருளில் அது இருக்கிறதா? ஒத்த இடங்களில் இருக்கிறதா? மாறான இடங்களில் இல்லாமல் இருக்கிறதா?

பலரும் சறுக்குவது மூன்றாவதில். "இந்தக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம், குடிக்கும் பிள்ளைகளின் பல்லில் கறை இருப்பதால்" என்று ஒரு தாள் வந்தது. நம் மாவட்டத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் இரும்புச்சத்து மருந்தாலும் பல்லில் கறை படியும். ஏது ஒத்த இடத்திலும் மாறான இடத்திலும் நிற்பதால் இது அநைகாந்திகம், அதாவது முடிவு தராத ஏது. தண்ணீரைச் சோதித்து லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்று வந்தால்தான் பேச்சு நிற்கும்.

இன்னொன்று, ஏதுவே ஐயத்துக்கு இடமானது. ஒகேனக்கல்லில் அருவிக்கு மேல் எழும் சாரலைத் தூரத்தில் நின்று பார்த்து, புகை, ஆகவே நெருப்பு என்பது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமல் நெருப்பென்று துணிவதைக் காதை சித்தாசித்தம் என்கிறது.

பக்கப் போலி (கூற்றிலேயே வரும் பிழை) 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10, ஆக 33க்கும் நம் ஊர் உதாரணங்களோடு ஓர் அட்டவணை தயாரித்து வருகிறேன். ஏதுப் போலி வரை முடிந்துவிட்டது. இதை "செயலாளரின் சொந்த வேலை" என்று சொல்பவர்கள் ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம்.

வருகை பற்றிச் சொல்லாமல் முடியாது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்புபவர்களில் பாதிப்பேர் வகுப்பில் தலைகாட்டுவதில்லை. "தகவல் வரவில்லை, அதனால் வரவில்லை" என்கிறார்கள். நீல டிக் இரண்டும் விழுந்திருக்கும்போது எதிர்த்தரப்பு ஏற்காத இந்த ஏதுவுக்கு அன்னியதராசித்தம் என்று பெயர். வகுப்புக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்கட்டியது. ஜெராக்ஸ், மண்டப மின்கட்டணம், தேநீர் ஆகியவையே செலவு. சந்தா நிலுவை கணிசம். பட்டியல் பொருளாளரிடம் உள்ளது, இங்கே வாசிக்கப் போவதில்லை. இடம் தந்தவர்களுக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு பரபக்கம் எடுக்க ஐயா இசைந்துள்ளார். கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் வருகிறார்; பயணப்படி வாங்க மறுக்கிறார். கரும்பலகையின் பாதியில் சுண்ணக்கட்டி பிடிப்பதில்லை என்பதால் ஐந்து உறுப்பையும் மூன்று வரிக்குள் நெருக்கி எழுதுகிறார். புதுப் பலகைக்கு மனமுள்ளவர்களும், பட்டியலில் தம் பெயர் இருக்குமோ என்று ஐயமுள்ளவர்களும் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கலாம். ரசீதுப் புத்தகம் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.