எழுதியவர் டீலர் என்பதையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் பாட்டுக் கேட்கும் சாதனங்களைப் பற்றி உங்கள் வார இணைப்பில் வரும் தொடரை முதல் பகுதியிலிருந்தே படித்து வருகிறேன். ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் இருந்தால் போதும், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதையெல்லாம் தமிழில் இவ்வளவு தெளிவாக எழுத ஆள் கிடைப்பது அபூர்வம். எழுதுகிறவருக்கு விஷயம் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டுரையின் கீழே 'நீண்டகால இசை ரசிகர்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அவர் இப்போது டீலரும்கூட. போன பகுதியில் 'கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று அவர் சொன்ன ஸ்பீக்கர்களில் இரண்டு பிராண்டுகள் அவரே விற்பவை. இது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வழியில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆம்ப்ளிஃபையர், டேப் டெக், ரெக்கார்ட் பிளேயர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஜனங்கள் புதிது வாங்காமல் இருப்பதையே சரிசெய்து வைத்துக்கொண்டால் எனக்கு நாலு காசு வரும். நான் எழுதுவதையும் அந்தக் கணக்கோடுதான் படிக்கவேண்டும்.

ரசிகர் டீலராவதில் தப்பு எதுவும் இல்லை. பலரும் இந்தத் தொழிலுக்கு அப்படித்தான் வருகிறார்கள். முதலில் தனக்கென்று ஒரு ஸ்பீக்கர் வாங்குகிறார், பிடித்துப்போகிறது. வீட்டுக்கு வந்து கேட்ட நண்பர்கள் 'எனக்கும் ஒரு ஜோடி சொல்லு' என்கிறார்கள். நாலு பேருக்குச் சேர்த்து ஆர்டர் போட்டால் கம்பெனி விலையைக் குறைக்கிறது. அப்புறம் ஒருநாள் கம்பெனியே 'உங்கள் பக்கத்துக்கு நீங்களே எடுத்துச் செய்யுங்களேன்' என்கிறது. டெமோ பீஸ் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எந்த நாளில் ரசிகர் டீலரானார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நண்பர்களும் அவரிடம் முன்புபோலவே யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவரவில்லை. பெரும்பாலும் சொல்வதில்லை. தான் விற்கும் ஸ்பீக்கர் நன்றாகப் பாடுவதாக அவருக்கு உண்மையாகவே கேட்கிறது, சிக்கலே அதுதான். 1994-இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலியியல் ஆய்வாளர்கள் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதே நான்கு ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபடி ஒருமுறையும் திரைக்குப் பின்னால் மறைத்து ஒருமுறையும் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. மறைத்தபோது அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. இத்தனைக்கும் அவர்கள் ஒலிச் சாதனத் தொழிலிலேயே இருப்பவர்கள். வெறும் கண்ணே காதை இப்படி ஏமாற்றும்போது, கைக்காசைப் போட்டுச் சரக்கு எடுத்து வைத்திருப்பவரின் காது என்ன பாடுபடும்?

டீலரான ஒருவர் வீட்டில் (உங்கள் கட்டுரையாளர் இல்லை, வேறொரு நண்பர்) நடந்ததைச் சொல்கிறேன். பழைய டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்றையும் தான் புதிதாக எடுத்துச் செய்யும் டிஏசி ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். பழையது ஆர்சிஏ கேபிளில், புதியது எக்ஸ்எல்ஆர் கேபிளில். வழக்கமாக ஆர்சிஏ பக்கம் 2 வோல்ட் வரும், எக்ஸ்எல்ஆர் பக்கம் 4 வோல்ட் வரும். வித்தியாசம் 6 டெசிபெல். 'தெரியும், அதனால்தான் வால்யூமைக் குறைத்துச் சமன் செய்துவிட்டேன்' என்றார், காதை வைத்தே. உண்மையாகவே புதியதில் பாட்டு தெளிவாக இருந்தது. கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஆனால் தொழில் புத்தி விடுமா? பையில் இருந்த மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் டெர்மினலில் வைத்து, 1,000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டேன். பழையதில் 1 வோல்ட் காட்டியது, புதியதில் 1.12. கிட்டத்தட்ட 1 டெசிபெல் அதிகம்.

1 டெசிபெல் கூடினால் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காது சொல்லாது, 'தெளிவு கூடியிருக்கிறது' என்றுதான் சொல்லும். நேர்மையாக ஒப்பிடவேண்டுமென்றால் இரண்டும் 0.1 டெசிபெலுக்குள், அதாவது வோல்டேஜில் சுமார் 1 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அப்படிச் சமன் செய்து, இரண்டையும் துணி போட்டு மூடிவிட்டுக் கேட்டோம். எது புதியது என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நண்பர் சிரித்துக்கொண்டே, 'மீட்டரை வைத்துக்கொண்டா பாட்டுக் கேட்பாய்?' என்றார். டீலராவதற்கு முன்னால் இதே மனிதர் மற்ற கடைகளின் டெமோவில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: 'வால்யூமைச் சமன் செய்தீர்களா?'

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய நஷ்டம் சொல்லப்படாமல் போகும் யோசனைகளில் இருக்கிறது. 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நிலை அலை நிற்கும், அதாவது சுவர்களுக்கிடையே எதிரொலித்து அந்தத் தாழ்ந்த ஒலி சில இடங்களில் வீங்கும், சில இடங்களில் அடங்கும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தால் பாஸ் குடைந்தெடுக்கும். சோபாவைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் பாதித் தொல்லை தீரும், செலவும் கிடையாது. இதைச் சொல்வதால் டீலருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. ரசிகராக இருந்தபோது இதைத்தான் முதலில் சொல்வார். இப்போது பேச்சு கேபிளில் தொடங்குகிறது. கேபிளில்தான் லாபம் அதிகம்.

'இருநூறு மணி நேரம் ஓடட்டும், அப்புறம்தான் ஒலி திறக்கும்' என்று புது ஸ்பீக்கர் வாங்குகிறவரிடம் டீலர் சொல்வதும் இந்த வகைதான். புது ஸ்பீக்கரின் கோன் சஸ்பென்ஷன் (அதிரும் கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் பாகம்) ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்வது நிஜம், ஆனால் அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது. தினமும் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிறவருக்கு இருநூறு மணி நேரம் ஓட மூன்று மாதத்துக்கு மேலாகும். அதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும்.

அப்புறம், குறை சொல்லும் வாய் மூடிக்கொள்கிறது. ஒருவர் வாங்கிய ஆம்ப்ளிஃபையரில் ஹம் (விடாத ரீங்காரம்) வந்தது. திறந்து பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரை, ரெக்கார்ட் பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ போர்டுக்குப் பக்கத்திலேயே பொருத்தியிருந்தார்கள். வடிவமைப்பில் உள்ள குறை, என்னால் சரிசெய்யக்கூடியதல்ல. விற்றவர் பழைய ரசிகர் ஆயிற்றே, உடனே ஒத்துக்கொண்டார். கூடவே, 'கம்பெனியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், வெளியே சொல்லவேண்டாம்' என்றும் கேட்டுக்கொண்டார். அதே மாடலை அடுத்து வாங்கியவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

வியாபாரி என்றாலே உண்மை பேசமாட்டார் என்றும் முடிவு கட்டவேண்டாம். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகளை அனலாக் டேப்பிலிருந்து நேரடியாக வெட்டியவை என்று நம்பித்தான் ரசிகர்கள் பெருவிலை கொடுத்து வாங்கினார்கள். பலவற்றில் இடையில் டிஜிட்டல் கட்டம் இருந்தது என்பதை 2022-இல் வெளியே கொண்டுவந்தவர் அமெரிக்காவில் இசைத்தட்டுக் கடை வைத்திருப்பவர். காதாலேயே டிஜிட்டலைக் கண்டுபிடித்துவிடுவோம் என்ற ரசிகர்கள் அந்தத் தட்டுகளைப் பல வருஷம் புகழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது தனிக்கதை. அந்தக் கடைக்காரர் எங்கே நின்று பேசுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. 1936-இல் தொடங்கிய 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை விளம்பரம் வாங்குவதில்லை, சோதிக்கும் பொருளையும் கடையில் காசு கொடுத்தே வாங்குகிறது. அவ்வளவு தூரம் எல்லோராலும் போகமுடியாது, சரி. ஆனால் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லியாகவேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-இல் திருத்திய வழிகாட்டுதலில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. உங்களுக்கு அதற்கு ஒரு வரி இடம் போதும்: 'கட்டுரையாளர் இன்னின்ன பிராண்டுகளின் டீலர்.' அதைப் போட்டாலும் நான் இந்தத் தொடரைப் படிப்பதை நிறுத்தமாட்டேன். அவர் விற்காத பிராண்டைப் பற்றி நல்லதாகச் சொன்னால் இன்னும் கூடுதலாக நம்புவேன்.

அடுத்த பகுதி கேபிள்களைப் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த வரியை அதிலிருந்தே சேர்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒலிச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் வாசகர்