அம்முவுக்கு, வியாழக்கிழமைக்கு முன்னால்

புரசைவாக்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள அம்முவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் ஒன்றுக்குப் போனபோது லேசாகச் சிவப்பாக இருந்தது. முதல் நாள் சாப்பிட்ட பீட்ரூட் பொரியல் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தது. சரி, வெயில் சூடு என்று இளநீரும் மோருமாகக் குடித்துப் பத்து நாள் ஓட்டிவிட்டேன். எரிச்சலோ கடுப்போ கொஞ்சமும் இல்லை. வலியில்லாமல் ரத்தம் வந்தால்தான் இன்னும் சீக்கிரம் ஓடியிருக்க வேண்டும் என்பது அப்போது தெரியவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். முன்னால் என்ன வைத்தியம் செய்துகொண்டீர்கள் என்று அந்த டாக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக மூடியே வைத்த பேச்சு, வாயில் வரவில்லை.

2007-ல் நீ பிளஸ் டூ. எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொண்டேன். வாரம் ஒரு கீமோ. அப்புறம் உள்ளே வைக்கிற கரண்ட். வயிற்றில் ஊதா மையில் கோடு போட்டிருந்தார்கள், அது அழியக்கூடாது. அதனால்தான் அந்தத் தீபாவளிக்கு நான் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. ஏம்மா என்று நீ கேட்டாய். சளி என்று சொன்னேன்.

இந்த முறை அப்பா விடவில்லை. 29சி பஸ்ஸில் ஏற்றி, பழைய ஃபைலோடு அடையாறுக்கே கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டரம்மா ஃபைலை முழுதாகப் படித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பழைய நோய் திரும்பி வருவது ஒன்று, புதிதாக வேறொரு புற்றுநோய் வருவது இன்னொன்று. அடிவயிற்றில் கரண்ட் வைக்கும்போது அது பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பை, மலக்குடல் மேலும் படும். அங்கே நல்ல செல்களுக்கு ஏற்பட்ட சேதம் பத்து, இருபது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக மாறலாமாம். எல்லோருக்கும் அல்ல. அமெரிக்காவிலும் டென்மார்க், ஸ்வீடன் மாதிரி நான்கு வட ஐரோப்பிய நாடுகளிலும் என்னைப்போல் பிழைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கரண்ட் வைத்த அதே 2007-ல் வந்த ஆய்வு. 50 வயதுக்குள் இந்த நோய் வந்தவர்களில், 40 வருஷத்துக்குள் நூற்றுக்கு 22 பேருக்கு வேறொரு புற்றுநோய். அந்த 22-ல், கரண்ட் வைக்காமல் இருந்தாலும் வந்திருக்கக்கூடியதும் அடக்கம். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்றும் கேட்டார். சிறுநீர்ப்பைக்கு அது பெரிய எதிரியாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து பால்கனியில் புகை இல்லை.

எனக்கு வெறும் ரத்தக்குழாய் பலவீனமாகவும் இருக்கலாம். கரண்ட் வைத்தவர்களுக்கு வருஷங்கள் கழித்து அதனாலும் ரத்தம் கசியுமாம். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துளி சதை எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை ரிசல்ட்.

அப்படியானால் அந்தக் கரண்டை ஏன் வைத்துக்கொண்டாய் என்று உனக்குத் தோன்றும். தோன்றக்கூடாது, அம்மு. அன்றைக்கு அது இல்லையென்றால் உன் கல்யாணத்துக்கு நான் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அந்த ஆஸ்பத்திரியை 1954-ல் தொடங்கினார். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் இன்றைக்கும் கை கூப்புகிறேன். எனக்கு வருத்தமெல்லாம், ஐந்து வருஷம் செக்கப் போய்விட்டு எல்லாம் முடிந்தது என்று ஃபைலைப் பரண்மேல் போட்டதுதான். மலத்தில் ரத்தம் வந்திருந்தாலும் மூலம் என்று சும்மா இருந்திருப்பேன்.

ஃபைலை இப்போது பீரோவில், உன் சர்டிபிகேட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எத்தனை கரண்ட், எந்தத் தேதி என்றிருக்கும் தாளைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நான் மயங்கிக் கிடந்தாலும் டாக்டரிடம் அதை நீ சொல்ல வேண்டும்.

உனக்கும் முப்பத்தைந்து ஆகிறது. எச்பிவி பரிசோதனை செய்துகொள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அம்மாவிடமிருந்து ரத்தத்தில் வருவதல்ல, எச்பிவி என்கிற வைரஸால் வருவது. உன் குட்டிக்குப் பத்து வயது, அந்த வைரஸுக்கான தடுப்பூசிக்குச் சரியான வயது. பள்ளி லீவில் போட்டுவிடு.

வியாழன் சாயங்காலம் நான்தான் கூப்பிடுவேன், அப்பா அல்ல. எதுவாக இருந்தாலும் அதன் பெயரைச் சொல்லியே சொல்வேன். கட்டி என்று சொல்லமாட்டேன்.

உன் அம்மா