ஜின்ஜு உரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கொரியாவின் ஜின்ஜு கோட்டை முற்றுகை பற்றிய தமிழ் உரை நல்லபடியாக நடந்து முடிந்தது. மேடையில் பேசியது நான் ஒருவன்; அந்தப் பேச்சுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது.

முதல் நன்றி, ஜின்ஜு தேசிய அருங்காட்சியகத்தில் பொறுமையாக விளக்கிய வழிகாட்டி அம்மையாருக்கும், அவர் பேச்சை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்ன மாணவிக்கும். 1592 நவம்பரில் சுமார் 3,800 வீரர்களோடு கொரியத் தளபதி கிம் சிமின், படையெடுத்து வந்த ஏறத்தாழ 20,000 ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தியதை முன்பே படித்திருந்தேன். பெண்களும் முதியவர்களும் வீரர் உடை தரித்து, படை பெரிது என்று எதிரிக்குக் காட்டியதை அம்மையார் சொல்லித்தான் அறிந்தேன். மதிலேறி வந்தவர்கள்மேல் கல்லும் கொதிநீரும் விழுந்தன. வெளியே, 'செவ்வாடைத் தளபதி' எனப்பட்ட கொரியத் தன்னார்வப் படைத் தலைவர் குவாக் ஜேஉ அனுப்பிய சிறு படை இரவில் குன்றேறித் தீவட்டி பிடித்தது, கொம்பு ஊதியது. பெரும்படை வந்துவிட்டதோ என்று முற்றுகையிட்டவர்கள் கலங்கினார்கள். கோட்டை நின்றது. தலையில் குண்டடி பட்ட கிம் சிமின் பிழைக்கவில்லை.

இந்தச் சிறிய ஊருக்கு ஏன் இத்தனை போட்டி? நெல் விளையும் ஜொல்லா மாகாணத்துக்குப் போகும் தரைவழியை ஜின்ஜு காத்து நின்றது. கடல்வழியைக் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்சின் அடைத்திருந்தார். ஒரே பார்வையில் இது புரியும்படி வரைபடம் தீட்டிக்கொடுத்த தம்பிக்கு என் நன்றி.

வெற்றியோடு பேச்சை நிறுத்தாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்ன ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். 1593 கோடையில் ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதெயோஷியின் ஆணைப்படி ஜப்பானியர் சுமார் 90,000 பேர் திரும்பி வந்தார்கள். இம்முறை வெளியிலிருந்து உதவிப்படை வரவில்லை. கொரியாவுக்குத் துணைநின்ற சீனாவின் மிங் அரசுப் படையும் வரவில்லை. மழையில் மதில் இடிந்தது. கோட்டை விழுந்தபின் உள்ளே தஞ்சம் புகுந்திருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு நோன்கே என்ற பெண் ஜப்பானியத் தளபதி ஒருவனைக் கட்டிப்பிடித்தபடி நம்காங் ஆற்றில் குதித்தாள் என்பது மரபு. அவளை மட்டும் சொல்லிவிட்டு, பெயர் தெரியாத அந்த மக்களை விட்டுவிடக் கூடாது என்றார் ஐயா. அவர் சொன்னது முழுக்கச் சரி.

அரங்கம் தந்தவர்களுக்கும், கடைசிவரை இருந்து கேள்வி கேட்டவர்களுக்கும் நன்றி. வரைபடம் கேட்டவர்களுக்கு அனுப்பிவருகிறேன். வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று வரைந்த தம்பியே சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
உரையாற்றியவன்