ஆய்வகத்து அக்காவுக்கு நன்றி

சிங்கப்பூர் மருத்துவமனை ஆய்வகத்தில் பேர் சொல்லாமல் உதவிய அக்காவுக்கு எங்கள் நன்றி. நாள்பட்ட கிரானுலோமா நோய் (வெள்ளை அணுக்களால் சில கிருமிகளைக் கொல்ல முடியாத பரம்பரை நோய்) உண்டா என்று பார்த்த எக்ஸோம் அறிக்கை (மரபணுக்களின் புரதக் குறிப்புப் பகுதிகளைப் படிக்கும் சோதனை) குறை எதுவும் காட்டாமல் வந்த பிறகும், "என்சிஎஃப்1 மரபணுவைத் தனியாப் பாக்கச் சொல்லுங்க" என்றவர் அவர்தான். இந்த நோய்க்குக் காரணமாகும் மரபணுக்களில் ஒன்று அது; அதற்கு 98 விழுக்காட்டுக்கு மேல் ஒத்த போலி மரபணுக்கள் (வேலை செய்யாத நகல்கள்) இரண்டு உண்டு. சிறு துண்டுகளாகப் படிக்கும் வரிசையாக்கத்தில் எந்தத் துண்டு எதனுடையது என்று மென்பொருள் குழம்பிவிடும். என்சிஎஃப்1-இன் இரண்டாம் எக்ஸான் (புரதக் குறிப்புள்ள பகுதி) தொடக்கத்தில் ஜிடி என்ற இரண்டெழுத்து விடுபட்டிருப்பது அப்படித்தான் நழுவுகிறது. இந்த நோயில் இதைக் கோட்டைவிட்டால் பெரிய வினை.

வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லும் பொருளை உண்டாக்குகின்றனவா என்று பார்க்கும் டிஹெச்ஆர் சோதனைக்கு ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் ரத்தம், கூடவே ஒப்பிட நலமான ஒருவருடையதும். "தேசிய தின லீவு வருது, வெள்ளி சாயங்காலம் எடுக்காதீங்க" என்று தடுத்ததும் அவரே. ரத்தம் எடுத்து 24 மணி நேரம் தாண்டினால் நியூட்ரோபில்கள் என்ற அந்த வெள்ளை அணுக்கள் சோர்ந்து, நோயில்லாதவருக்கும் சோதனை அளவு குறைந்து காட்டலாம்.