சூலுவை ஏன் யாரும் போய்க் கூட்டி வரவில்லை?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது.

நீ சொன்ன ஸ்டார் டிரெக் (அறுபதுகளில் வந்த அந்த அமெரிக்க விண்வெளி டிவி தொடர்) எபிசோடை, அதான் 'தி எனிமி விதின்', சனிக்கிழமை ராத்திரி பார்த்தேன். மனசு கேட்காமல் ஞாயிறும் பார்த்தேன். விண்கப்பலிலிருந்து ஆளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கிரகத்துக்கு அனுப்பி, திரும்பக் கொண்டுவரும் கருவியான டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகி, கேப்டன் கிர்க் சாது ஒருவர், முரடர் ஒருவர் என்று இரண்டு ஆளாகிவிடுகிறார். அதே பழுதால் கப்பல் அதிகாரி சூலுவும் இன்னும் மூன்று பேரும் கீழே கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இருட்டினால் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 120 டிகிரி. துப்பாக்கியால் பாறையைச் சுட்டுச் சூடாக்கி, அதைச் சுற்றி ஒடுங்கிக் கிடக்கிறார்கள். சூலு பேசப் பேசக் குரல் கம்மிக்கொண்டே போகிறது. எனக்கே உடம்பு நடுங்கியது.

முதலில் கண்ணில் பட்டது கீறல்தான். முரட்டு கிர்க்கின் கன்னத்தில் கப்பலில் வேலை செய்யும் பெண் ரேண்ட் நகத்தால் கீறிய காயம் சில ஷாட்டில் மறு கன்னத்துக்குப் போய்விடுகிறது. பார்க்கிற திசை சரியாக வரட்டும் என்று எடிட்டிங்கில் ஃபிலிமைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். நான் உதவி இயக்குநராக அலைந்த ரெண்டு வருஷமும் கண்டினியூட்டி நோட்டு என் கையில்தானே இருந்தது? எத்தனை பட்டன் போட்டிருந்தார், டம்ளர் எந்தக் கையில், ஊதுவத்தி எவ்வளவு எரிந்திருந்தது, எல்லாம் எழுதி வைக்கணும். ஒருமுறை நெற்றி பிளாஸ்திரி இடமிருந்து வலத்துக்கு மாறியதை ரஷ் (எடிட் செய்யாத ஃபிலிம்) பார்க்கும்போதுதான் கவனித்தேன். அதற்குள் செட்டைப் பிரித்துவிட்டார்கள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இந்தக் கதையில் எந்த கிர்க் எவர் என்று காட்டிக்கொடுப்பதே அந்தக் கீறல்தான், அதனால் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் மன்னித்துவிடலாம். இதற்கு ரெண்டு வாரம் முன்பு வந்த எபிசோடில் கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்று இருக்கும், பிற்பாடு அந்த 'ஆர்' போய் 'டி' (T) ஆகிவிட்டது. அதனால் கதையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு கிர்க் இரண்டு கிர்க் ஆக எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 75 கிலோ உடம்பைச் சக்தியிலிருந்து உண்டாக்க ஏறக்குறைய 1,600 மெகாடன் வெடிமருந்தின் சக்தி வேண்டும். அதையும் விட்டுவிடுவேன். அந்த ஒன்றை ஒத்துக்கொண்டால்தான் கதையே.

விட முடியாதது வேறு. கப்பலில் ஷட்டில் என்கிற குட்டி விண்கலம் இருக்கிறதே, அதில் போய் நாலு பேரையும் ஏற்றி வந்தால் என்ன? முடிவெடுக்கிற திராணி போனது சாது கிர்க்குக்கு. துணைத் தளபதி ஸ்பாக்குக்கு என்ன? என்ஜினியர் ஸ்காட்டிக்கு என்ன? உயிருக்குப் போராடுகிறவர்களை மேலே இருக்கிற அத்தனை கெட்டிக்காரர்களும் மறந்த மாதிரி ஆகிவிடுகிறது.

காரணம் என்னவென்றால், அப்போது ஷட்டிலே கிடையாது. வாரா வாரம் கப்பல் தரையிறங்குவதைக் காட்டக் கட்டுப்படியாகாது என்றுதான் டிரான்ஸ்போர்ட்டரையே யோசித்தார்கள். ஷட்டிலை ஏஎம்டி என்கிற பொம்மை மாடல் கம்பெனி செய்து கொடுத்தது, கப்பல் மாடல் விற்கிற உரிமைக்கு ஈடாக. இந்த எபிசோட் ஒளிபரப்பானது 1966 அக்டோபர் 6. ஷட்டில் முதன்முதலில் வந்த 'தி கலிலியோ செவன்' 1967 ஜனவரி 5. மூன்றே மாதம்! எழுதிய ரிச்சர்ட் மேத்சன் மேல் குற்றமே இல்லை, இல்லாத வண்டியை அவர் எப்படி அனுப்புவார்? இருந்தாலும், 'கீழே புயல், எதுவும் இறங்க முடியாது' என்று ஸ்காட்டி ஒரு வரி சொல்லியிருந்தால் பின்னாடி வந்த ஷட்டிலாலும் கதையை அசைத்திருக்க முடியாது.

இத்தனையும் சொன்னாலும், கடைசியில் சாது கிர்க் முரடனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்போர்ட்டரில் நிற்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அதில் ஓட்டையே கிடையாது.

'தி கலிலியோ செவன்' பார்த்துவிட்டு எழுது. அதில் ஷட்டிலே போய் மாட்டிக்கொள்கிறது. பொங்கலுக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

உன்,
பழைய ரூம்மேட்